ஊட்டுவதற்கு ஆள் இல்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71, எடை 52 கிலோ. குடல் அடைப்புக்கு ஆபரேஷன் நடந்து எட்டு நாள் ஆகிறது. ஆறு நாளாகக் கழுத்து நரம்பு வழியாக அமினோ அமிலம் கலந்த சத்து ஏற்றுகிறார்கள். வாயால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது. அப்பா இரண்டு ஸ்பூனோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உட்கார்ந்து ஊட்ட எங்கள் மூவருக்குமே நேரமில்லை. குளுட்டமைனும் சேர்த்து இன்னும் ஒரு வாரம் பாட்டிலையே தொடரச் சொல்லலாமா?
- வாசகி, கரூர்

பதில்: குளுட்டமைன் இருக்கட்டும். ‘எங்கள் மூவருக்குமே நேரமில்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்ற மனிதருக்கு ஊட்ட ஆள் இல்லை என்பதை மருத்துவப் பிரச்சினையாக்கி என்னிடம் கேட்கிறீர்கள்.

நரம்பு வழியாக முழு உணவையும் செலுத்தும் முறையை 1960களில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் உருவாக்கினார்கள். சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தையை அப்படித்தான் பல மாதம் வளர்த்தார்கள். குடல் கைவிட்டவர்களுக்கான வழி அது. உங்கள் அப்பாவின் குடல் தயார் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே!

முதல் சில நாட்களுக்கு அந்தப் பாட்டில் தேவைப்பட்டது, சரி. வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் போதாது. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான் உண்டு, புரதம் துளியும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தன் தசையையே கரைத்துப் புண்ணை ஆற்றப் பார்க்கும். கிலோவுக்கு 1.5 கிராம் என்று வைத்தால் அப்பாவுக்குத் தினம் 78 கிராம் புரதம் வேண்டும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனதுதான். அப்பாவுக்கு ஏற்றுவது போன்ற 10 சதவீத அமினோ அமிலக் கரைசல் அரை லிட்டரில் அது 50 கிராம் இருக்கிறது. ஆனால் எதுவும் உள்ளே போகாத குடலின் உள்தோல் மெலிந்துபோகும். கழுத்தில் இருக்கும் குழாய் வழியே ரத்தத்தில் கிருமி நுழையவும் கூடும். வாயால் சாப்பிடுவது ஏற ஏறத்தான் டாக்டர் பாட்டிலைக் குறைப்பார். ஊட்ட ஆள் வராவிட்டால் எதை வைத்துக் குறைப்பார்?

குளுட்டமைன் நம் உடம்பே செய்துகொள்ளும் அமினோ அமிலம்தான். நோயில் தேவை கூடும் என்பதால் தனியாகவும் ஏற்றுவதுண்டு. ஆனால் பல உறுப்புகள் செயலிழந்து ஐ.சி.யூ.வில் கிடந்த 1,223 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அதில் குளுட்டமைன் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. ஆனாலும் சத்துதானே என்று வீட்டார் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது. சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

முதலில், அப்பா ஏன் முகம் திருப்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். வயிறு உப்பினாலோ வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் அனுமதித்ததை இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழைத்த இட்லியோ பருப்புத் தண்ணியோ, ஒரு கிண்ணம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. சின்ன வயதில் நீங்கள் வாயை மூடிக்கொண்டபோது, ‘எனக்கு நேரமில்லை’ என்று அவர் எழுந்து போனாரா?

இன்று ராத்திரியே அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ, மற்ற இருவருக்கும் போன் போடுங்கள். காலை, மதியம், இரவு என்று ஆளுக்கொரு வேளை. நாளைக் காலை வேளை உங்களுடையது.