தினமும் வேண்டியும் மனம் நிறையவில்லையே?

கேள்வி: தினமும் அரை மணி நேரம் தனியாகப் பிரார்த்திக்கிறேன். வாரம் தவறாமல் வழிபாட்டுக்கும் போகிறேன். இருந்தும் மகிழ்ச்சி இல்லை. என் நம்பிக்கை போதவில்லையா?

பதில்: நம்பிக்கையில் குறை தேடாதீர்கள். வழிபாடு முடிந்ததும் யாரோடும் பேசாமல் திரும்பிவிடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். சமூக ஆய்வாளர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் அமெரிக்கர்களிடையே நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாராவாரம் போயும் அங்கே நண்பர்களே இல்லாதவர்கள், போகாதவர்களைவிட அதிக மனநிறைவோடு இல்லை. நெருங்கிய நண்பர்கள் சிலர் அங்கே இருந்தவர்களுக்குத்தான் நிறைவு கூடியிருந்தது.

ஆகவே கால் மணி நேரம் கூடுதலாக இருங்கள். நாற்காலி அடுக்குவது, இடத்தைக் கூட்டுவது என ஏதாவது சின்ன வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். போன வாரம் முழங்கால் வலி என்று சொன்னவரிடம், “இப்போது எப்படி இருக்கிறது?” என்று மறக்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. ‘கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்’ என்ற எண்ணமே பிரார்த்தனையில் சுழன்றால் மனச்சுமை கூடும். உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் நெடுங்காலம் ஆராய்ந்த விஷயம் இது. அதை உள்ளே அடக்காமல், நம்பகமான மதப் பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்காகப் பிரார்த்தனையை நிறுத்த வேண்டியதில்லை.