தமிழ்நாட்டில் கடற்பாசி வளர்ப்புக்கும் பதப்படுத்தலுக்கும் ஆராய்ச்சி வசதி இருக்கிறதா? கரையில் பாசி கட்டுபவர்களுக்கு அதனால் பயன் உண்டா?

வசதி இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது ஒன்றுதான்: நல்ல விதைப்பாசி, அதாவது மறுபடி வளரக் கயிற்றில் கட்டும் பாசித் துண்டு. நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி, கடல் உயிரியல் படித்தவள். என் சித்தி பதினைந்து வருடத்துக்கு மேலாக வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், பாசி கட்டுகிறார். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மண்டபத்திலேயே இரண்டு மத்திய ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று, பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம். இன்னொன்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம். இந்த இரண்டாவது நிறுவனத்துக்கு 1971 வரை தலைமையிடமே மண்டபம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது.

இங்கே வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற பாசி. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால், இன்றைக்கும் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் 'பெப்சி பாசி'. சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் கடல். 1984இல் ஜப்பான் வழியாகக் கொஞ்சம் கொண்டுவந்து, குஜராத் கடலில் வளர்த்துப் பழக்கி, பிறகு மண்டபத்துக்கு எடுத்து வந்தது மேலே சொன்ன முதல் நிறுவனம். ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்துதான் வருகிறது.

பாசி கட்டுவது எப்படி என்று பார்த்தால்தான் ஆராய்ச்சி எங்கே தேவை என்று புரியும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, ஒரு கயிற்றுக்கு 20 முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் 150 கிராம் பாசி. மொத்தம் 60 கிலோ. ஒரா மீன் வந்து மேய்ந்துவிடும் என்பதால் அடியில் வலை. 45 நாளில் அறுவடை. அறுத்ததில் நல்லதாகப் பார்த்து 60 கிலோவை எடுத்து வைத்து மறுபடியும் கட்ட வேண்டும். அதாவது விதையும் விளைச்சலும் ஒரே பாசிதான்.

சிக்கல் அங்கேதான். முதலில் வந்த அந்தக் கொஞ்சத்தையே வெட்டி வெட்டிக் கட்டி வந்திருக்கிறோம். எல்லாம் ஒரே செடியின் துண்டு மாதிரி. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். கடல் சூடேறினால் கிளை நுனி வெளுத்து, பனிக்கட்டி போலாகி, தொட்டால் முறிந்து விழும். 'ஐஸ்-ஐஸ்' என்று இதற்குப் பெயர். 2013க்குப் பிறகு வடகடலில் விளைச்சல் சரிந்ததை ஊரே பார்த்தது. ஒரு நாள் காலையில் சித்தி கயிற்றைத் தூக்கிக் காட்டினார். முடிச்சு மட்டும் இருந்தது, பாசி இல்லை. "விதைக்குக்கூட மிஞ்சலையே தாயி" என்றார். ஊரில் யாரிடமும் கடன் கேட்கவும் முடியாது, எல்லார் மிதவையும் அதே கதிதான். அதோடு ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வாடைக்காற்று தொடங்கினால் வடகடலில் மிதவை நிற்காது. தை பிறந்த பிறகு புதிதாகக் கட்ட விதை வேண்டும்.

இதற்கு ஆய்வகம் தரக்கூடிய விடை திசு வளர்ப்பு நாற்று. நல்ல பாசியின் சிறு துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் நோயில்லாமல் வளர்த்து, தொட்டிக்கு மாற்றி, பிறகு கடலுக்கு அனுப்புவது. இந்த நுட்பம் நம்மிடம் இருக்கிறது, மண்டபம் பக்கம் மிதவைகளில் கட்டியும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மிதவைக்கே 60 கிலோ வேண்டும். ஒரு ஊருக்கு எத்தனை ஆயிரம் மிதவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குடுவைக்கும் கடலுக்கும் நடுவே நாற்றங்கால்தான் இன்று பெரிய இடைவெளி.

மீன்வள நிறுவனம் முனைக்காட்டில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கடலில் கூண்டு வைத்துக் கடல்விரால் மீன் வளர்த்து, கூண்டைச் சுற்றி 16 மிதவைகளில் பாசி கட்டினார்கள். மீனின் கழிவில் இருக்கும் சத்து பாசிக்கு உரமானது. கூண்டருகே ஒரு மிதவைக்குச் சராசரியாக 320 கிலோ, தனியாகக் கட்டியதில் 144 கிலோ. கழிவும் கடலில் தேங்கவில்லை.

பதப்படுத்தலில் பெரும்பாலும் இன்னும் வெயில்தான். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. மணலில் காயப்போட்டால் தரம் போயிற்று. ஈரப்பாசியையே அரைத்துச் சாற்றைப் பயிர் ஊக்கியாகவும், மிஞ்சும் சக்கையைக் கராஜீனனுக்காகவும் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது முதலில் சொன்ன உப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான். அதற்கு ஆலை கரைக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், பாசி அழுகும் முன் போய்ச் சேர வேண்டுமே. தொண்டி அருகே வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அமையும் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நாற்று, பதப்படுத்தல், தரப் பரிசோதனை எல்லாம் திட்டத்தில் உண்டு. அதில் முதலில் ஓட வேண்டியது நாற்றுப் பிரிவு என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் இந்த அயல் பாசி படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். பவளம் வெயில் படாமல் மூச்சடைத்துப் போகும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காப் பக்கம் இதைக் கட்டக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நம் கடலிலேயே மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசிகள் எல்லாம் விளைகின்றன, இரண்டிலிருந்தும் ஜெல்லி போல உறைய வைக்கும் அகார் எடுக்கலாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு எங்கள் பெண்கள் மூழ்கிப் பறிப்பது இவற்றைத்தான். இவற்றைக் கயிற்றில் வளர்க்கும் ஆராய்ச்சிக்கு இன்னும் நிறையப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.

நீங்கள் இத்துறையில் இறங்க நினைத்தால் தை, மாசியில் மண்டபம் வாருங்கள். ஆய்வகத்தைப் பார்த்த கையோடு விடியற்காலையில் கரைக்கும் போங்கள், அப்போதுதான் பெண்கள் விதை பிரித்துக் கட்டுவார்கள். சித்தி ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே கொண்டுபோய், நுனியை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுவார். எதைத் தள்ளுகிறார், ஏன் என்று கேளுங்கள், சொல்லித் தருவார்.