வாகனம்: கேள்வி பதில் – மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் பிரேக் பலமாகுமா?

கேள்வி: என்னிடம் 1967ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. தந்தையார் வாங்கிய கார். முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, 54 மி.மீ. பிஸ்டன் ஒன்று கொண்ட காலிப்பர்களுடன் (டிஸ்க்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பகுதி) டிஸ்க் பிரேக் பொருத்தினோம். மிதிக்கும்போது பிரேக் திரவத்தைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழையதே. இப்போது முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போகிறது, இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடினால் முன் சக்கரங்கள் சூடேறி இறுகுகின்றன. ஓர் அங்குல மாஸ்டர் சிலிண்டர் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. சிலிண்டரைப் பெரிதாக்கினால் சூடேறும் குறை அப்படியே இருக்கும், பெடலோ புதிதாகக் கடினப்படும். சூடேறுவதுதான் ஆபத்தானது என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

மைனரின் பழைய மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களிலும் டிரம் இருந்த காருக்காகச் செய்யப்பட்டது. அதன் உட்கோடியில் ஒரு சிறிய செக் வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்தி வைத்து, டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் சுவரோடு ஒட்டியிருக்கச் செய்வது அதன் வேலை. டிரம்மில் ஷூக்களை இழுத்துக்கொள்ள வலுவான சுருள்வில்கள் இருப்பதால் இந்த அழுத்தம் தொல்லை தருவதில்லை. காலிப்பரில் அப்படி எந்த வில்லும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சற்றே முறுக்கிக்கொண்டு, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை அளவு பின்வாங்க வைக்கிறது, அவ்வளவுதான். அந்த மயிரிழையை மிச்ச அழுத்தம் விழுங்கிவிட்டால் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், திரவம் விரியும், இன்னும் இறுகும்.

ஆனால் வால்வின் மேல் பழி போடுமுன், பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடைப் பாருங்கள். ராடின் முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியும், அதன் விளைவாகப் பெடலில் சில மில்லிமீட்டர் வெற்றசைவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரவம் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை மூடியே கிடந்து இதே குறையைத் தரும். இடைவெளி சரியாக இருந்தும் சக்கரம் இறுகினால், இறுகிய நிலையிலேயே காலிப்பரில் காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்திப் பாருங்கள். திரவம் பீய்ச்சி வெளியேறிச் சக்கரம் விடுபட்டால் குழாயில் அழுத்தம் தங்குகிறது என்று பொருள். விடுபடாவிட்டால் பிஸ்டனோ காலிப்பர் நகரும் ஊசிகளோ சிக்கியிருக்கின்றன. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்துக்கொண்டாலும் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபடும் என்பதால், அடுத்த முறை ஹோஸுக்கு மேலுள்ள இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள்: அங்கே திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் ஹோஸை மாற்ற வேண்டும்.

வால்வுதான் காரணம் என்று உறுதியானால் அதைக் கழற்றிவிடலாம். உள்ளேயுள்ள சுருள்வில்லை மறக்காமல் திரும்ப வைக்க வேண்டும். பின் டிரம்களுக்குப் போகும் குழாயில் மட்டும் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) மிச்ச அழுத்த வால்வு ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது, காலிப்பர்கள் அதைவிட உயரத்தில் இருக்கின்றன. ஆகவே திரவம் பின்னோக்கி வடியாதிருக்க முன் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவை. இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்.

இனிப் பெடலுக்கு வருவோம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் 7/8 அங்குலத் துளை கொண்டது. அதன் பரப்பு 3.88 சதுர செ.மீ. ஓர் அங்குலத் துளையின் பரப்பு 5.07. உங்கள் இரு காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு சுமார் 45.8 சதுர செ.மீ. என்பதால், அவை அரை மில்லிமீட்டர் நகர 2.3 கன செ.மீ. திரவம் வேண்டும். அதைத் தர 7/8 அங்குல சிலிண்டர் 5.9 மி.மீ. தூரமும், ஓர் அங்குல சிலிண்டர் 4.5 மி.மீ. தூரமும் நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதத்தை ஐந்து என்று வைத்துக்கொண்டால் காலடியில் கிடைக்கும் லாபம் 7 மி.மீ. மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்: 30 கிலோ விசையில் மிதித்தால் பழைய சிலிண்டர் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 39 கிலோ அழுத்தம் தரும் இடத்தில் பெரியது 30தான் தரும். சுழற்சியாலேயே ஷூவை உள்ளிழுத்துக்கொள்ளும் டிரம்மின் குணம் டிஸ்க்குக்கு இல்லை, உங்கள் காரில் மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரும் இல்லை. இந்நிலையில் கால்பங்கு அழுத்தத்தை இழப்பது அவசரத்தில் காரை நிறுத்த முடியாமல் செய்துவிடலாம். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

முதல் மிதியில் இறங்கி இரண்டாவதில் பிடிக்கும் பெடலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது பின் டிரம்களைத்தான். மைனரில் ஷூக்களைக் கையால்தான் நெருக்க வேண்டும். டிரம்மின் துளை வழியே திருகிச் சக்கரம் நிற்கும் வரை நெருக்கி, பின் சுதந்திரமாகச் சுழலும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிறகு முன் சக்கர பேரிங்கின் ஆட்டத்தையும் டிஸ்க்கின் நெளிவையும் பாருங்கள்: இரண்டும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அந்தத் தூரத்தை அடுத்த மிதிதான் ஈடுகட்ட வேண்டும். மேலே சொன்ன 2 பி.எஸ்.ஐ. வால்வு இல்லாததும் இதே விளைவைத் தரலாம். கடைசியாகப் பிரேக் குழாய்களிலுள்ள காற்றை முழுவதும் எடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பெடல் இறங்கினால், பூஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பெரிய துளையைப் பற்றி யோசிக்கலாம். எப்படியும் சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், குறுக்கே நிற்கும் டார்ஷன் பாரையும் (முன் சஸ்பென்ஷனில் வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) கணக்கில் வைத்து ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

கேள்வி: நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பிரீமியர் பத்மினியில் ஷூக்களுக்குப் புதிய லைனிங் (உராய்வுப் பட்டை) போட்டதிலிருந்து பெடல் கல்லாக இருக்கிறது, கார் நிற்கவும் தாமதமாகிறது. 3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 7/8 போடலாமா? – வாசகர், கோவை

பதில்: போட்டால் அதே மிதிக்கு அழுத்தம் இன்னும் 27 சதவீதம் குறையும். லைனிங் மாற்றிய பிறகு வந்த குறை என்பதால் லைனிங்கையே பாருங்கள். டிரம்மின் வளைவோடு முழுப்பரப்பும் பொருந்தாமல் நுனிகள் மட்டும் படுகின்றனவா, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கிறதா, அச்சு எண்ணெயோ பிரேக் திரவமோ கசிந்து ஊறியிருக்கிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல், கசிவை நிறுத்தியபின் அந்த அச்சின் இரு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்.