நுண்பாசியிலிருந்து நிறமிகளைப் பிரிக்கும் ‘பசுமை முறை’ உண்மையிலேயே பசுமையானதா, விளம்பரம்தானா?

விளம்பரம் மட்டுமல்ல. ஆனால் எந்தக் கரைப்பான் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதுகலை ஆய்வுக்காக ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியிலிருந்து ஃபைகோசயனின் என்ற நீல நிறமியைப் பிரித்தேன். (சுருள்பாசி அறிவியல்படி ஒரு பாக்டீரியா, பேச்சுவழக்கில்தான் பாசி.) 2013-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதித்த நீலம் இதுதான். கரைப்பானாக நான் பயன்படுத்தியது தண்ணீர், அதில் சிறிது பாஸ்பேட் உப்பு. பாசி விழுதை இரவில் ஃப்ரீசரில் உறையவைத்துக் காலையில் உருகவிடுவேன். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது அதன் சுவரைக் கிழித்துவிடும். மூன்று முறை இப்படிச் செய்து மையவிலக்குக் கருவியில் சுழற்றினால், தண்ணீரில் கரையாத பச்சையம் அடியில் படிய, மேலே தெளிந்த நீலம் நிற்கும். அந்தக் குழாயை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: நீலத்துக்குள்ளிருந்து மாதுளை முத்தின் சிவப்பு ஒளிரும். முதல் நாள் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஒருமுறை அவசரப்பட்டு 60 டிகிரியில் நீரை வற்றவைத்தேன். நிறமியைத் தாங்குவது புரதம். சூட்டில் அது குலைந்துவிட்டது. ஒரு வார உழைப்பு வெளிறிப்போனது. பசுமை முறைகள் பெரும்பாலும் மென்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயில் கரையும் பொருள்களுக்குத் தண்ணீர் உதவாது. ஹீமட்டோகாக்கஸ் பாசி தன் தடித்த ஓட்டுக்குள் சேர்த்துவைக்கும் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி அப்படிப்பட்டது. ஓட்டை அரைத்து உடைத்தபின், பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹெக்சேன் என்ற கரைப்பானுக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். 31 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப்போல் 73 மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் அது வாயுவுமல்ல, திரவமுமல்ல. வாயுபோல் ஊடுருவி, திரவம்போல் கரைக்கிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பிரிந்து போகும், நிறமி மட்டும் மிஞ்சும். நஞ்சு எச்சம் இல்லை. உண்மையிலேயே அழகான வழி.

ஆனால் அதற்குப் பாசி காய்ந்திருக்க வேண்டும். திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பாசிகூடத் தேறுவது அரிது. அதை வடித்து, உலர்த்தி, அரைத்து, அழுத்தம் ஏற்ற எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிபொருள்! அந்தக் கணக்கைத் தராமல் ‘ரசாயனம் இல்லை’ என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

என் நீலத்துக்கு அந்தச் செலவு வரவில்லை. குளத்திலிருந்து துணியில் வடித்த ஈரப்பாசியை அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன்.