பாசி முந்திவிட்டது, நீர்த்தெள்ளு வரவில்லை

ஏரிகள் சூடாவதால் அவற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களின் பருவம் எப்படி மாறுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். பல பத்தாண்டுகளாக விடாமல் கணக்கெடுத்த ஏரி அது.

அகிலா, கரூர்: சார், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சிக்குக்கூட பருவம் உண்டா?

உண்டும்மா, வயலுக்குப் பட்டம் இருப்பதுபோல. குளிர்காலத்தில் அந்த ஏரித் தண்ணீர் மேலும் கீழுமாகக் கலந்துகொண்டே இருக்கும். பாசி வெளிச்சத்தில் நிற்க முடியாமல் ஆழத்துக்கு இழுபடும். வசந்தத்தில் வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகி, லேசாகி, குளிர்ந்த தண்ணீரின் மேல் தனி அடுக்காக நின்றுவிடும். அதில் தங்கும் பாசி மளமளவென்று பெருகும். முதலில் வருவது டையட்டம் என்ற பாசி வகை. அதைத் தின்று நீர்த்தெள்ளு, அதாவது டாஃப்னியா, பெருகும். தின்று தீர்த்ததும் தண்ணீரே தெளிந்துவிடும்.

முருகேசன், ஓசூர்: சூடானால் எல்லாமே கொஞ்சம் முன்னால் நடக்கும். அதில் என்ன கெட்டுப்போகிறது?

எல்லாம் சேர்ந்து முந்தினால் ஒன்றும் கெடாது. சேர்ந்து முந்தவில்லை என்பதுதான் சிக்கல். 1962-க்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் அங்கே வசந்தகால மேல்தண்ணீர் சராசரியாக 1.39 டிகிரி செல்சியஸ் சூடானது. அடுக்கு பிரிவதும் டையட்டம் பெருகுவதும் 20 நாளுக்கு மேல் முந்தின. கெரடெல்லா என்ற ரோட்டிஃபரும், அதாவது பாசி தின்னும் இன்னொரு நுண்ணிய விலங்கும், கூடவே முந்தியது. டாஃப்னியா மட்டும் பழைய நாளிலேயே நின்றது. ஆறி முடிந்த பந்திக்கு வந்தவன் கதைதான். அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது.

டாஃப்னியாவின் உறக்க முட்டைகள், அதாவது நல்ல காலம் வரும்வரை பொரியாமல் கிடக்கும் முட்டைகள், விழிப்பதில் பகலின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறாது. ஒரே ஏரியில் ஒன்று வெப்பத்தையும் இன்னொன்று வெளிச்சத்தையும் நம்பி வாழ்ந்தால் இடைவெளி விழத்தானே செய்யும்? அங்குள்ள சாக்கை சால்மன் மீன் குஞ்சுகளுக்கு டாஃப்னியா முக்கிய இரை. அதனால்தான் இந்த இருபது நாளை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ரவி, திருச்சி: அந்த ஏரியில் சாக்கடை கலந்ததே, மாற்றத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாமே?

நல்ல சந்தேகம். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை வேறு வழியில் திருப்பினார்கள். ஏரி தெளிந்து, 1976 முதல் டாஃப்னியா பெருகியது; நான் சொன்ன குறைவு அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அடுக்கு எந்த நாளில் பிரியும் என்பதைத் தீர்மானிப்பது சூடும் காற்றும்தான், கழிவு இல்லை. பசிபிக் கடலின் எல் நினோ போன்ற ஊசலாட்டங்களுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

செல்வம், கொளத்தூர்: குப்பி மீனுக்கு இரையாக மொய்னா என்ற நீர்த்தெள்ளு வகையை வளர்க்கிறேன். தொட்டி வற்றினால் அடியில் கருப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறதே, அழுக்கா?

கழுவி ஊற்றிவிடாதீர்கள்! நீங்கள் பார்த்தது பெரும்பாலும் உறக்க முட்டைகள்தான். லென்ஸில் பாருங்கள், குதிரைச் சேணம் போல ஒரு கூடு தெரியும், முட்டை அதற்குள் இருக்கும். நிலைமை நன்றாக இருக்கும்போது பெட்டைகள் ஆண் துணையில்லாமலே குஞ்சு ஈனும். நெருக்கடி வந்தால்தான் இந்தக் கூட்டு முட்டை.

நூர்ஜஹான், தஞ்சாவூர்: உறைந்து கிடக்கும் ஏரிகளில்?

சைபீரியாவின் பைக்கால் ஏரியை 1945-இல் மிகைல் கோஷோவ் கணக்கெடுக்கத் தொடங்கினார். பிறகு மகள், அடுத்து பேத்தி என்று மூன்று தலைமுறை, பனிக்காலத்திலும் விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழும். அந்தக் கணக்குப்படி 1946-க்குப் பின் அறுபது ஆண்டுகளில் மேல்தண்ணீர் 1.21 டிகிரி சூடாகி, நீர்த்தெள்ளு இனங்கள் பல மடங்கு கூடின. ஆக, சூடு எல்லா ஏரியிலும் நீர்த்தெள்ளைக் குறைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கார்த்திக், கல்லூரி மாணவர்: நீர்த்தெள்ளுகள் பரிணாமத்தால் தப்பிக்காதா?

ஓரளவு தப்பிக்கும் தம்பி. இங்கிலாந்தில் ஓர் ஏரியின் சேற்றிலிருந்து 1960-ஐ ஒட்டிய காலத்து முட்டைகளையும் 2000-ஐ ஒட்டிய காலத்து முட்டைகளையும் எடுத்துப் பொரிக்கவைத்து ஒப்பிட்டார்கள். பிந்தைய காலத்தவை கூடுதல் சூட்டைத் தாங்கின. ஆனால் அந்தச் சோதனை முக்கியமாகப் பார்த்தது சூடு தாங்குவதை. முட்டை விழிக்கும் நாளும் அதே வேகத்தில் மாறுமா என்பது தனிக் கேள்வி. முதுகலையில் ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், இதை எடுங்கள்.