நடனத்தை எழுதி வைக்க முடியுமா?

முடியும். அசைவுகளைக் குறிகளாக எழுதும் முறைக்கு நடனக் குறியீடு என்று பெயர். பேச்சுக்கு எழுத்து எப்படியோ, ஆட்டத்துக்கு இது அப்படி.

ஆடி முடித்த கணமே அசைவு மறைந்துவிடுகிறது. கற்றவர் மறந்துவிட்டால் அந்த நடனமே போய்விடும். அதனால்தான் இந்தத் தேவை வந்தது.

நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபன் 1928-இல் வெளியிட்ட முறையைப் பாருங்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நடுக்கோட்டின் இடப்பக்கம் இடது கை, கால்; வலப்பக்கம் வலது. குறியின் வடிவம் திசையைச் சொல்லும். கறுப்பாக நிரப்பியிருந்தால் தாழ்வு, புள்ளி இருந்தால் நடு உயரம், சாய்கோடுகள் இருந்தால் உயர்வு. அப்புறம் நீளம், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது: குறி நீண்டால் அசைவும் நீளும். எங்கே, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் ஒரே குறிக்குள் வந்துவிடுகின்றன!

சரி, வீடியோ போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். வீடியோ என்பது வீட்டின் புகைப்படம், குறியீடு அதன் வரைபடம். முன்னதில் ஒருவர் ஒருநாள் ஆடியது, அன்று தடுமாறிய கால் உட்படப் பதிவாகும், பின்னதில் நடனத்தை அமைத்தவர் கேட்ட அசைவு இருக்கும்.