அவள் என்ன பாடினாள்?

கேள்வி: வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி சாலிட்டரி ரீப்பர்' கவிதையில், தனியாகக் கதிர் அறுக்கும் பெண் என்ன பாடுகிறாள்? பழைய போரைப் பற்றிய சோகப் பாட்டு என்கிறது என் மகளின் நோட்ஸ். பொருளே புரியாத பாட்டை ஒரு கவிஞர் எப்படி இவ்வளவு புகழ முடியும்?

பதில்: அந்த நோட்ஸை முதலில் மூடி வையுங்கள். 'அவள் என்ன பாடுகிறாள் என்று யாரும் சொல்ல மாட்டீர்களா?' என்று கவிஞரே கேட்கிறார். என்றோ நடந்த சண்டைகளா, இல்லை அன்றாடம் வரும் துயரமா என்று அவர் அடுக்குவதெல்லாம் ஊகம். அதில் ஒன்றை உருவி விடையாக்கிவிட்டார் நோட்ஸ் போட்ட புண்ணியவான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பெண்ணின் பாட்டு முதலில் இன்னொருவர் காதில் விழுந்தது. கவிஞரின் நண்பர் தாமஸ் வில்கின்சன், ஸ்காட்லாந்தில் ஒருத்தி அரிவாளோடு குனிந்து அறுத்தபடி அந்த மலைநாட்டாரின் கேலிக் (Gaelic) மொழியில் பாடியதைத் தன் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியாக இருந்த அதைப் படித்துவிட்டுத்தான் 1805 நவம்பரில் வேர்ட்ஸ்வொர்த் இதை எழுதினார். 1807-ல் அச்சிட்டபோது, கடைசி வரி நண்பருடையது என்று குறிப்புப் போட்டு ஒப்புக்கொள்ளவும் செய்தார். 1803-ல் தங்கை டோரதியுடன் அந்த மலைநாட்டில் அவர் சுற்றியது அறுவடைக் காலம். வயலில் ஆட்களைப் பார்த்த கண்ணும் நண்பர் எழுதிய வாக்கியமும் சேர்ந்து பிறந்த கவிதை இது.

இப்போது கவிதையின் இரண்டாம் பத்திக்கு வாருங்கள். அரேபியப் பாலையில் களைத்த பயணிகளுக்குப் பாடும் நைட்டிங்கேல், ஹெப்ரிடீஸ் தீவுகளின் கடல் மௌனத்தைக் கலைக்கும் குக்கூ. இந்த இரண்டையும்விட இவள் குரல் இனிது என்கிறார். வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பறவை கூவினால் 'என்ன அர்த்தம்?' என்று யாரும் கேட்பதில்லை. இவள் மனுஷி. அர்த்தம் இருக்கிறது, அவருக்குத்தான் எட்டவில்லை. பறவைகளை முடித்த கையோடு அந்தக் கேள்வி எழுவது அதனால்தான். மொழி தெரிந்திருந்தால் பாட்டின் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார், இந்தக் கவிதை நமக்குக் கிடைத்திருக்காது. ஒரு சொல் புரியாமல் இந்திப் பாட்டை முணுமுணுத்துத் திரிந்த நம் தலைமுறைக்கா இதை விளக்க வேண்டும்?

அவள் மட்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு அறுக்க வேண்டிய கதிர் இருக்கிறது. கேட்டவர் மேடேறிப் போய்விடுகிறார், பாட்டு அவரோடு போகிறது.

தேர்வில் என்ன எழுதுவது என்கிறீர்களா? 'கவிஞருக்கே தெரியாது' என்று எழுதச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் எனக்கு எழுதுங்கள், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.